சின்னக் கடைசல் யந்திரத்தின் வேகக் கோளாறுகள்



கயிறு சுற்றி இழுத்து மரம் கடைந்த பழைய நாட்களில் உளி பிடிப்பவர் ஒருவர், கயிறு இழுப்பவர் ஒருவர். உளிக்காரர் கண்ணைக் காட்டினால் இழுப்பவர் வேகத்தைக் கூட்டுவார். கையை அசைத்தால் குறைப்பார். மரத்தில் கணு வந்து உளி திணறினால், யாரும் சொல்லாமலே சற்று அழுத்தி இழுப்பார். இன்று அந்தக் கயிறு இழுப்பவருடைய இடத்தில் ஒரு மின்மோட்டாரும், உள்ளங்கையளவு ஒரு மின்சுற்றுப் பலகையும் அமர்ந்திருக்கின்றன. வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, சுமை வந்தபோது தளராமல் இழுப்பது ஆகிய மூன்று காரியங்களையும் அவையே செய்யவேண்டும். அவை செய்யத் தவறும்போது நாம் செய்யவேண்டுவது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தொழில் நிமித்தம் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர்களுள் ஆலைகளிலும் ரயில்வே பட்டறைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் உழைத்தவர்கள் பலர். ஓய்வு பெற்ற பின்னரும் அவர்களுடைய கைகள் ஓய்வதில்லை. நாங்கள் நால்வர் புணே நகரில் பங்கு போட்டு ஒரு சிறிய லேத் வாங்கினோம். ஏழு அங்குல லேத் என்று அதற்குப் பெயர்; ஏறத்தாழ 40 கிலோ எடை. இருவர் தூக்கி மேஜை மேல் வைத்துவிடலாம். சின்ன நீராவி எஞ்சின் மாதிரிகள் செய்வதும், அண்டை வீட்டார் கொண்டுவரும் மின்விசிறிக்கும் நீரிறைக்கும் பம்புக்கும் புஷ் கடைந்து கொடுப்பதும் எங்கள் மாலைப்பொழுதின் வேலை. அந்த யந்திரம் எங்களுக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதில் சற்று வெட்கமும் உண்டு. ஆயினும் பிறருக்குப் பயன்படும் என்பதால் சொல்லத் துணிகிறோம்.

ஒரு மழைக்காலத்தில் லேத்தை ஓட்டும்போதெல்லாம் வீட்டின் மின்கசிவுத் தடுப்பான் தட்டிவிட ஆரம்பித்தது. இ.எல்.ஸி.பி. என்று எலெக்ட்ரீஷியன்கள் சொல்லும் அந்தச் சுவிட்சு அடிக்கடி விழுந்து வீடு முழுவதும் இருண்டுபோகவே, வீட்டினருக்கு எரிச்சல், எங்களுக்கு அவமானம். தடுப்பான்தான் கெட்டுவிட்டது என்று எங்களுக்குள் தீர்மானித்து, தடுப்பான் இல்லாத வேறொரு பழைய இணைப்பில் லேத்தைச் செருகினோம். அதன் பிறகு விளக்கு அணையவில்லை. சிக்கல் தீர்ந்தது என்று மகிழ்ந்தோம். இரண்டு வாரத்தில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை எரிந்தது. புதிய பலகை வாங்கிப் பொருத்தினோம். அது மூன்று வாரம் உழைத்தது. அதன் பின்னர் நேர்ந்ததைப் பேச்சின் நடுவே சொல்கிறோம். அதற்கு முன், இந்த மோட்டாரின் இயல்பைச் சிறிது ஆராய்வோம்.

பெரிய பட்டறைகளில் உள்ள லேத்தில் வேகத்தைக் குறைப்பதற்குப் பெல்ட்டைப் பெரிய புல்லிக்கு மாற்றுவார்கள். அல்லது பற்சக்கரப் பெட்டியின் கைப்பிடியைத் திருப்புவார்கள். அவ்வாறு செய்யும்போது வேகம் பாதியானால் முறுக்குவிசை இரட்டிக்கும். மோட்டாரின் முழு வலிமையும் வீணாகாமல் சக்குக்கு வந்து சேரும். சின்ன லேத்திலோ வேகத்தை மாற்றுவதற்கு ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருப்பினால் மோட்டாருக்குச் செல்லும் மின்னழுத்தம் கூடும் அல்லது குறையும். வேகம் குறையும், ஆனால் முறுக்குவிசை கூடுவதில்லை. ஆகவே 350 வாட் மோட்டார், முழு வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும்போது, 35 வாட் மோட்டாருக்குச் சமம். ‘மெதுவாக ஓட்டினால் வலுவில்லை, பலகை கெட்டுவிட்டது’ என்று முறையிடுபவர்களுள் பலருடைய யந்திரத்தில் பழுது எதுவுமே இல்லை. அது குமிழின் குற்றமன்று, கணக்கின் குற்றம்.

கணக்கை இன்னும் சிறிது பார்க்கலாம். 50 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மென் எஃகுத் தண்டை அதிவேக எஃகு உளியால் கடையும்போது, உலோகத்தின் மேற்பரப்பு நிமிஷத்துக்குச் சுமார் 25 மீட்டர் செல்லவேண்டும் என்பது டர்னர்கள் பின்பற்றும் அளவு. அதற்கு நிமிஷத்துக்கு 160 சுற்றுகள் போதும். யந்திரத்தின் உயர்ந்த வேகமோ 2500 சுற்று. இத்தகைய வேலைக்கு யந்திரத்தின் பின்புறமுள்ள கைப்பிடியைக் கீழ் நிலைக்குத் தள்ளிக்கொள்ளவேண்டும். கீழ் நிலையில் உயர்ந்த வேகம் 1100 என்றால், முறுக்குவிசை இரண்டேகால் மடங்காகிறது. கைப்பிடியை மேல் நிலையிலேயே வைத்துக்கொண்டு குமிழை மட்டும் குறைப்பது, மாட்டு வண்டியில் இரண்டு மாடுகள் இருக்க ஒன்றை அவிழ்த்துவிட்டு மேட்டில் ஏறுவதைப் போன்றது.

இனி மோட்டாரின் உள்ளே செல்வோம். பழைய மாதிரி சின்ன லேத்துகளில் இருப்பது நிலைக்காந்தம் கொண்ட நேர்மின் மோட்டார். காந்தங்களுக்கு நடுவே ஆர்மெச்சர் சுழல்கிறது. இரண்டு கார்பன் பிரஷ்கள் கம்யூட்டேட்டரைத் தொட்டு அதற்கு மின்சாரம் கொடுக்கின்றன. ஆர்மெச்சர் சுழலும்போது அதுவும் ஒரு டைனமோவைப் போல எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அந்த எதிர் அழுத்தமும் கூடும். நாம் கொடுக்கும் அழுத்தத்திலிருந்து எதிர் அழுத்தத்தைக் கழித்தால் எஞ்சுவதே ஆர்மெச்சரின் கம்பிச்சுற்றில் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது.

உதாரணமாக, ஆர்மெச்சரின் தடை 10 ஓம் என்றும், உளி வெட்டும்போது 2 ஆம்பியர் ஓடுகிறது என்றும் கொள்வோம். கம்பிச்சுற்றிலேயே 20 வோல்ட் செலவாகிவிடும். முழு வேகத்தில் 200 வோல்ட் கொடுத்தால் 180 மிஞ்சும். வேகம் பத்தில் ஒரு பங்குதான் குறையும். குமிழைக் குறைத்து 40 வோல்ட் கொடுக்கும்போதோ, அதில் 20 போனால் மிஞ்சுவது 20, வேகம் பாதியாகிவிடும். மெதுவான ஓட்டத்தில் உளி பட்டதும் யந்திரம் ஏன் திணறுகிறது என்பதற்கு இதுவே விடை. இந்த இழப்பை அறிந்து, மின்னோட்டம் கூடும்போது அழுத்தத்தையும் சற்றுக் கூட்டிக் கொடுக்கும் ஏற்பாடு நல்ல பலகைகளில் உண்டு. பழைய நாளில் கயிறு இழுப்பவர் கணு கண்டு அழுத்தி இழுத்தாரே, அதே வேலைதான்.

அதே கணக்கு இன்னும் இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. சக் நின்றுபோய், மோட்டாருக்கு முழு அழுத்தமும் சென்றால், எதிர் அழுத்தம் சூன்யம். ஆகவே நம் உதாரணத்தில் 20 ஆம்பியர் பாயும். மற்றொன்று: யந்திரம் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னோட்டத்திலிருந்து பின்னோட்டத்துக்குச் சுவிட்சைத் தள்ளினால், எதிர் அழுத்தம் எதிராக நிற்காமல் நாம் கொடுப்பதுடன் கூடிக்கொள்ளும். 200-உம் 180-உம் சேர்ந்து 380 வோல்ட், 38 ஆம்பியர். பலகையை எரிக்க இதைவிடச் சுருக்கமான வழி வேறில்லை. சக் முற்றும் நின்ற பிறகே திசை மாற்றவேண்டும் என்பது வெறும் ஆசாரமன்று.

பலகைகளில் இரண்டு வகை உண்டு. ஒருவகையில் தைரிஸ்டர் என்னும் உறுப்பு, மின்சார அலையின் ஒவ்வொரு வீச்சிலும் ஒரு பகுதியை மட்டும் மோட்டாருக்கு விடுகிறது. மற்றொன்றில் மின்சாரம் முதலில் நேர்மின்னாக்கப்பட்டுக் கண்டென்சரில் சேர்கிறது. பிறகு மாஸ்பெட் என்னும் திரான்சிஸ்டர் அதை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை திறந்து மூடிக் கொடுக்கிறது. திறந்திருக்கும் நேரம் நீண்டால் வேகம் கூடும், குறுகினால் குறையும். இந்த இரண்டாவது வகையில் நேயர்கள் முக்கியமாக நினைவில் கொள்ளவேண்டிய அபாயம் ஒன்று உண்டு. 230 வோல்ட் மின்சாரத்தின் உச்ச அழுத்தம் 325 வோல்ட். கண்டென்சர் அந்த அளவுக்கு நிரம்பி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கும்.

ஆகவே பலகையைத் தொடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சில நிமிஷங்கள் பொறுத்திருக்கவேண்டும். பின்னர் மல்டிமீட்டரால் கண்டென்சரின் இரு முனைகளையும் அளந்து, அழுத்தம் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகே கை வைக்கவேண்டும். இன்னொன்று: இத்தகைய பலகைகள் பலவற்றில் டிரான்ஸ்பார்மர் வைத்து மின்சாரத்தைப் பிரிப்பதில்லை. வேகக் குமிழின் பின்னால் உள்ள மெல்லிய மூன்று கம்பிகள்கூட வீட்டு மின்சாரத்துடன் நேரே தொடர்புள்ளவையே. ‘ஐந்து வோல்ட்தானே’ என்று அலட்சியமாகத் தொடலாகாது. ஆஸிலாஸ்கோப் வைத்திருக்கும் அன்பர்கள் அதன் பூமிக் கவ்வியை இதில் மாட்டினால் பலகையும் போகும், கருவியும் போகும்.

இப்போது நோய்க்குறிகளைப் பார்ப்போம். முதற் குறி, யந்திரம் அசைவதே இல்லை. இதற்குப் பலகையைச் சந்தேகிப்பது கடைசியில் செய்யவேண்டிய வேலை. பிளக், பியூஸ், சிவப்பு நிற அவசர நிறுத்தச் சுவிட்சு, முன்-பின் சுவிட்சு இவற்றை வரிசையாகப் பார்க்கவேண்டும். சக்கின் மேல் மூடும் கண்ணாடி மறைப்பின் அடியில் ஒரு சிறு மைக்ரோ சுவிட்சு உண்டு. மும்பை, கொச்சி போன்ற கடலோர ஊர்களில் ஈரக்காற்றினால் அது களிம்பேறிப் போவது வழக்கம். அடுத்து, பெரும்பாலான பலகைகளில், குமிழ் முதலில் பூஜ்யத்துக்கு வந்தாலன்றி யந்திரம் புறப்படாது. இது பழுதன்று, காவல். சுவிட்சைப் போட்டவுடன் சக் பாய்ந்து சுழலாதிருக்கச் செய்த ஏற்பாடு. குமிழை இடக்கோடி வரை, ‘கிளிக்’ என்னும் ஒலி கேட்கும்வரை திருப்பிப் பிறகு மெல்ல முன்னே திருப்பவேண்டும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் ஓடவில்லையென்றால், மோட்டாரையும் பலகையையும் பிரித்துத் தனித்தனியே விசாரிக்கவேண்டும். மோட்டாரின் இரு கம்பிகளையும் பலகையிலிருந்து கழற்றி, ஒரு 12 வோல்ட் கார் பாட்டரியுடன் இணைத்துப் பாருங்கள். நல்ல மோட்டாரானால் மெல்ல, ஆனால் சீராகச் சுழலும். திக்கித் திக்கிச் சுழன்றாலும், கையால் தள்ளினால்தான் சுழலும் என்றாலும் பிரஷ்களைப் பாருங்கள். பலகையின் பரீட்சைக்கு, மோட்டாருக்குப் பதிலாக 100 வாட் இழைப் பல்பு ஒன்றை அதன் வெளிவாயில் மாட்டவேண்டும். குமிழைத் திருப்பத் திருப்ப பல்பு மெல்லப் பிரகாசமானால் பலகை பெரும்பாலும் குற்றமற்றது. ஒரு பாட்டரி, ஒரு பல்பு. இந்த இரண்டு சாட்சிகளும் பொய் சொல்வதில்லை. இவற்றை விசாரிக்காமல் நாங்கள் பலகைக்குப் பணம் கட்டினோம்.

இரண்டாவது குறி, வேகம் நிலையில்லாமல் ஏறி இறங்குவது. பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டும் குமிழைத் திருப்பினால் ‘கரகர’ என்று இரைச்சல் கேட்கும் அல்லவா? அந்தக் குமிழும் லேத்தின் வேகக் குமிழும் ஒரே ஜாதி. உள்ளே ஒரு கார்பன் பட்டை. அதன் மேல் நகரும் ஓர் உலோகக் கை. பட்டையில் தூசியோ எண்ணெயோ படிந்தால் வானொலி இரையும்; லேத் துள்ளும். மல்டிமீட்டரை நடுமுனைக்கும் ஓர் ஓரமுனைக்கும் இடையே வைத்துக் குமிழை மெல்லத் திருப்பினால், முள்ளோ எண்ணோ தாவாமல் சீராக மாறவேண்டும். தாவினால் அதை மாற்றிவிடுவதே நலம். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள். குமிழ் நன்றாயிருந்தும் துள்ளினால், தேய்ந்த பிரஷ், தளர்ந்த கம்பி இணைப்பு, அல்லது பலகையில் சுமை ஈட்டுத் திருகு அளவுக்கு மேல் திருப்பப்பட்டிருப்பது ஆகியவற்றுள் ஒன்று காரணமாகும்.

மூன்றாவது குறிதான் அஞ்சவேண்டியது. குமிழ் எங்கிருந்தாலும் யந்திரம் முழு வேகத்தில் ஓடுவது. இதற்கு இரண்டு காரணங்கள் முக்கியமானவை. குமிழின் மூன்று கம்பிகளுள் பூஜ்யப் பக்கத்துக் கம்பி அறுந்தால், நடுக்கம்பி உச்சப் பக்கத்தை மட்டுமே அறியும். பலகை ‘முழு வேகம்’ என்றே அதைப் புரிந்துகொள்ளும். மற்றது, மாஸ்பெட் உறுப்பு உள்ளுக்குள் ஒட்டிப்போவது. கதவு திறந்தபடியே துருப்பிடித்து நின்றுவிட்டது என்று கொள்ளுங்கள். அப்போது குமிழுக்கும் மோட்டாருக்கும் சம்பந்தமே இல்லை. பூஜ்யத்திலிருந்துதான் புறப்படவேண்டும் என்ற காவலும் அப்போது நம்மைக் காப்பாற்றாது.

எங்களுக்கு நேர்ந்தது இதுதான். நான்கு தாடைச் சக்கில் மையம் விலகிய வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றைப் பிடித்து, மிக மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தோம். உளி பிடித்திருந்தவர் காலிப்பரை எடுக்க ஓர் அடி பக்கமாக நகர்ந்தார். அந்தக் கணத்தில் மோட்டாரின் ஒலி உயர்ந்தது. நிமிஷத்துக்கு நூறு சுற்றில் ஓடிய சக், மூச்சு விடும் நேரத்தில் முழு வேகத்துக்குப் போய்விட்டது. மையம் விலகிய துண்டு. மேஜை அதிர்ந்து லேத் நகர ஆரம்பித்தது. குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பியும் பலனில்லை. மற்றொருவர் சிவப்புச் சுவிட்சை ஓங்கி அடித்தார். யந்திரம் நின்றது. துண்டு சக்கைவிட்டுப் பறக்கவில்லை. பறந்திருந்தால் அது சென்றிருக்கக்கூடிய திசையில்தான் சற்று முன்வரை எங்கள் நண்பருடைய முகம் இருந்தது. அன்று நாங்கள் நால்வரும் தேநீர்கூட அருந்தாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள்தான், முதலிலேயே செய்திருக்கவேண்டியதைச் செய்தோம். மோட்டாரைக் கழற்றிப் பிரித்தோம். ஒரு பிரஷ் ஏறக்குறைய முழுவதும் தேய்ந்திருந்தது. அதன் கருந்தூளும், காற்றோட்டத் துளை வழியே புகுந்த இரும்புச் சீவல்களும், மழைக்கால ஈரமும் சேர்ந்து, பிரஷ் தாங்கிக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே ஒரு கருஞ்சாந்துபோல் அப்பியிருந்தன. மோட்டாரின் கம்பிக்கும் உடலுக்கும் இடையே மெக்கரால் அளந்தால் குறைந்தது 10 லட்சம் ஓம் தடை இருக்கவேண்டும். இதில் சில ஆயிரம் ஓம்தான் இருந்தது. அந்த வழியே மின்சாரம் பூமிக்குக் கசிந்தது. வேகப் பலகை வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்படாதது என்று முன்பே சொன்னோம். ஆகவே மோட்டாரிலிருந்து பூமிக்குப் பாயும் ஒவ்வொரு கசிவும் மாஸ்பெட்டின் வழியே பாயக்கூடும். கசிவு முற்றினால் அதைக் கொன்றுவிடும். மின்கசிவுத் தடுப்பான் தட்டிவிட்ட ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொன்னது. உண்மை சொன்னவனை வெளியேற்றிவிட்டு, நாங்கள் பலகையைப் பலி கொடுத்தோம். ஒரு மனிதரையும் பலி கொடுக்க இருந்தோம்.

ஆதலால் நேயர்களுக்கு எங்கள் முதல் வேண்டுகோள் இது. பலகை ஒன்று இறந்தால், புதியதை வாங்குமுன் பழையதைக் கொன்றது எது என்று கண்டறியுங்கள். மோட்டாரைப் பலகையிலிருந்து பிரித்துக் கசிவை அளந்து பாருங்கள். மெக்கர் இல்லாதவர்கள் அருகிலுள்ள மோட்டார் சுற்றும் கடையில் காட்டினால் ஒரு நிமிஷத்தில் அளந்து சொல்வார்கள். மின்கசிவுத் தடுப்பானை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். அது 30 மில்லி ஆம்பியரில் தட்டிவிடும் வகையாக இருக்கட்டும். ஆயினும் அதையே நம்பிப் பலகைக்குள் இரு கையையும் விடாதீர்கள்; இரண்டு மின்கம்பிகளையும் ஒருங்கே தொட்டவனை அது காப்பாற்றாது.

மோட்டாரைச் செப்பனிடும் முறை கடினமன்று. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தூரிகையாலும் காற்றாலும் கருந்தூளை நீக்கவேண்டும். கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் மிக நுண்ணிய கண்ணாடித்தாளால் இலேசாகத் தேய்க்கலாம். எமரித்தாள் கூடாது, அதன் துகள்கள் பட்டைகளின் இடையே புகுந்து கெடுதி செய்யும். பட்டைகளுக்கு இடையேயுள்ள பள்ளங்களைக் கூரிய மரக்குச்சியால் சுத்தம் செய்யவேண்டும். பிரஷ் தன் கூட்டில் தடையின்றி வழுக்கி நகரவேண்டும். வில்லின் அழுத்தம் இருபுறமும் ஒத்திருக்கவேண்டும். மூன்றில் ஒரு பங்கு நீளமே மிஞ்சியிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். புதிய பிரஷ் போட்டதும் உடனே கனத்த வேலை கொடுக்காமல், அரைமணி நேரம் சுமையின்றி நடுத்தர வேகத்தில் ஓடவிட்டால், அதன் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு இசைந்துவிடும்.

பலகையைத் தாமே பழுதுபார்க்க வல்லவர்களுக்கு ஒரு சொல். மாஸ்பெட்டின் இரு முனைகளை எத்திசையில் அளந்தாலும் சூன்ய ஓம் காட்டினால் அது ஒட்டிவிட்டது என்று பொருள். அதை மட்டும் மாற்றினால் போதாது. மோட்டாரின் குறுக்கே இருக்கும் மீட்சி டயோடையும், மாஸ்பெட்டை இயக்கும் சிறு உறுப்புகளையும் சேர்த்துப் பரிசோதிக்கவேண்டும். அந்த டயோடு அறுந்திருந்தால், புதிய மாஸ்பெட் முதல் ஓட்டத்திலேயே போய்விடும். வெப்பத் தகட்டுக்கும் மாஸ்பெட்டுக்கும் நடுவே உள்ள மின்காப்புத் தாளை மறக்காமல் திரும்ப வைக்கவேண்டும். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் பல்பைத் தொடரிணைப்பில் வைத்துக் கொடுங்கள். குற்றம் எஞ்சியிருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பலகை பிழைக்கும். உறுப்புகள் கிடைக்குமிடம் தேடி அலையவேண்டியதில்லை. மும்பையில் லாமிங்டன் ரோடு, தில்லியில் லாஜ்பத் ராய் மார்க்கெட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு, கல்கத்தாவில் சாந்தினி சௌக் ஆகிய இடங்களில், எந்த மொழியில் கேட்டாலும் கார்பன் பிரஷுக்கும் மாஸ்பெட்டுக்கும் அதே பெயர்தான்.

பலகையில் சிறு திருகுகள் சில உண்டு. கீழ் வேகம், மேல் வேகம், சுமை ஈடு, மின்னோட்ட எல்லை என்று அவற்றின் பணிகளைப் பிரிக்கலாம். தொடுமுன் ஒவ்வொன்றின் நிலையையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும். சக்கில் எதுவும் இல்லாமல், பிளாஸ்டிக்கால் ஆன திருப்புளியை ஒரு கையில் மட்டும் பிடித்து, முதலில் குமிழின் தொடக்கத்தில் சக் மெல்ல ஊரும்படி கீழ் வேகத்தை அமைக்கவேண்டும். பிறகு குமிழை முழுவதும் திருப்பி, யந்திரத்துக்கு விதித்த உச்ச வேகத்தை மீறாதபடி மேல் வேகம். அதன் பின்னர் சுமை ஈடு. இலேசாக வெட்டும்போது வேகம் குன்றாத வரையில் கூட்டி, துள்ளல் தொடங்கினால் சற்றே பின்வாங்கவேண்டும். மின்னோட்ட எல்லையை மட்டும் ‘இன்னும் வலு வரட்டும்’ என்று கோடிவரை திருப்பாதீர்கள். அது மோட்டாரின் உயிருக்குப் போட்ட வேலி. வேகத்தை அளக்க, சக்கில் ஒட்டிய ஒளிர்தாளைக் காட்டி அளக்கும் சிறு டாக்கோமீட்டர் போதும்.

நாலாவது குறி, சிறிது நேரம் ஓடிய பிறகு சுமையில் நின்றுபோவது. இங்கே மின்சாரத்தை விட்டு யந்திரப் பகுதியை முதலில் நோக்கவேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சக்கைக் கையால் சுற்றினால் இலகுவாகச் சுழல்கிறதா? பெல்ட் அளவுக்கு மேல் இறுக்கமா? பேரிங் அழுத்தம் கூடிவிட்டதா? உளி மழுங்கியிருக்கிறதா? இவையெல்லாம் சரியாயிருந்தால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். மோட்டாரின் விசிறி அதன் தண்டிலேயே இருப்பதால், மெதுவாக ஓடும்போது காற்றும் மெலிந்துவிடும், சுமையோ குறையாது. அரைமணி நேரம் மெதுவான கனத்த வேலை செய்தால், ஐந்து நிமிஷம் சுமையின்றி வேகமாக ஓடவிட்டுக் குளிரச் செய்வது நல்ல வழக்கம்.

மோட்டாரே முற்றும் போய்விட்டால் வேறு வழிகளும் உண்டு. வீட்டில் நடைப்பயிற்சிக்கு வைத்திருந்து கழித்துப்போட்ட டிரெட்மில் யந்திரத்தின் நேர்மின் மோட்டார் இதைவிடப் பன்மடங்கு வலுவுள்ளது. இன்னொரு வழி, அரைக் குதிரைச் சக்தி மும்முனை மோட்டாரும், ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக்கிக் கொடுக்கும் அலைமாற்றியும். அத்தகைய மோட்டாருக்குப் பிரஷ் இல்லை; கருந்தூள் இல்லை. கோயம்புத்தூர் மோட்டார் இந்தியாவின் எந்த மூலையிலும் கிடைக்கும். நாங்கள் கடைசியில் அதையே பொருத்தினோம். எவ்வழியில் சென்றாலும் பெல்ட்டுக்கு இரண்டு அல்லது மூன்று படிப் புல்லி வைத்துக்கொள்வது அறிவுடைமை. வலுவைத் தருவது புல்லி; நுட்பத்தைத் தருவது குமிழ்.

வருமுன் காப்பது எளிது. பலகைப் பெட்டியின் இடுக்குகளை மெல்லிய துணியாலோ நுரைப்பஞ்சாலோ அடைத்து, சீவல் புகாமல் செய்யுங்கள். காற்றோட்டத்தை மட்டும் அடைத்துவிட வேண்டாம். சீவலைக் காற்றடித்து ஊதாமல் தூரிகையால் வாரி எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரஷைக் கழற்றிப் பாருங்கள். சிவப்புச் சுவிட்சு கைக்கு எட்டும் இடத்தில், சக்கைத் தாண்டிக் கை நீட்டவேண்டாத பக்கத்தில் இருக்கட்டும். சக் சாவியைச் சக்கில் விட்டு அகலாதீர்கள். சக்கின் சுழற்சிக்கு நேர் எதிரே நின்று யந்திரத்தைப் புறப்படச் செய்யாதீர்கள்.

எங்கள் பட்டறைச் சுவரில் அந்த எரிந்த இரண்டு பலகைகளையும் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறோம். விடுமுறையில் வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் அவை என்னவென்று கேட்பார்கள். முதற் பலகை எங்கள் அவசரத்தின் விலை என்றும், இரண்டாவது எங்கள் பிடிவாதத்தின் விலை என்றும் சொல்வோம். அதற்குமேல் விலை கொடுக்காமல் தப்பியதற்கு அந்த ஓர் அடி நகர்ச்சிதான் காரணம். யந்திரம் நம்முடன் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. விளக்கை அணைத்துப் பேசுகிறது, துள்ளிப் பேசுகிறது, சூடேறிப் பேசுகிறது. கயிறு இழுத்தவருடைய மூச்சிரைப்பைக் கேட்டு உளியைத் தளர்த்திய பழைய கடைசல்காரரைப் போல, நாமும் அதற்குச் செவி கொடுக்கப் பழகவேண்டும்.